ஒரே டிக்கெட், இரண்டு சம்பளம்: கோல்கன் 3407 நிகழ்வு ஆய்வு

2009 பிப்ரவரி 11ஆம் தேதி மாலை. அமெரிக்காவின் மேற்குக் கோடியில் உள்ள சியாட்டிலில் 24 வயதுப் பெண் ஒருவர் ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் ஒன்றில் ஏறுகிறார். விமானிகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் உபரி இருக்கையில் காசு கொடுக்காமல் உட்கார்ந்து போவதை ஜம்ப்சீட் என்பார்கள். அப்படித்தான் அவரும் வருகிறார். நள்ளிரவுக்கு மேல் மெம்பிஸில் இறங்கி, இன்னொரு சரக்கு விமானத்துக்கு மாறி, விடிகாலை 6.20 வாக்கில் நியூயார்க்கை ஒட்டிய நுவார்க்கில் கால் வைக்கிறார். சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இடையில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கண்ணயர்ந்ததுதான் தூக்கம். இறங்கியதும் பணியாளர் அறைக்குப் போய் அங்கிருந்த சோபாவில் சாய்ந்துகொண்டார். அன்று அவருக்கு டியூட்டி.

அன்று, பிப்ரவரி 12 இரவு, நுவார்க்கிலிருந்து பஃபலோவுக்குக் கிளம்பிய கோல்கன் ஏர் 3407 விமானத்தின் துணை விமானி அவர்தான். இரவு 10.17க்கு, தரையிறங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது, கிளாரன்ஸ் சென்டர் என்ற சிற்றூரில் ஒரு வீட்டின் மேல் விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

விபத்து பற்றிய தொழில்நுட்ப விளக்கங்கள் நிறையவே வந்துவிட்டன. நான் இதை எடுத்துக்கொண்டது வேறு காரணத்துக்காக. நம் ஊரில் பைலட் என்றாலே மாதம் பல லட்சம் என்றுதான் நினைப்பு. எந்த நிறுவனம் எவ்வளவு தருகிறது என்று அட்டவணை போட்டு ஒப்பிடுகிறவர்களும் அந்த ஒற்றை எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அந்த எண் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது என்பதை இந்த ஒரு வழக்கைப் போல வேறு எதுவும் காட்டியதில்லை. எத்தனை மணி நேரத்துக்குக் கூலி, டியூட்டிக்கு முந்தின இரவு எங்கே தூங்கினார், உடம்பு முடியாவிட்டால் யார் செலவு, இன்னொரு நிறுவனத்துக்குப் போனால் சேர்த்த அனுபவம் கூட வருமா? விமானியின் சம்பளம் உண்மையில் இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது.

யாருடைய விமானம்?

பயணிகள் வாங்கியது காண்டினென்டல் என்ற பெரிய விமான நிறுவனத்தின் டிக்கெட். விமானத்தின் உடம்பில் எழுதியிருந்ததும் காண்டினென்டல் கனெக்‌ஷன். ஓட்டியது கோல்கன் ஏர். கோல்கனை 2007இல் வாங்கியிருந்தது பினக்கிள் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன். ஊருக்குப் போகும் பஸ்ஸில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இருக்க, டிரைவரும் கண்டக்டரும் வேறொரு கான்டிராக்டரின் ஆட்களாக இருந்தால் எப்படியோ அப்படி.

அப்போது அமெரிக்க உள்நாட்டு விமானப் புறப்பாடுகளில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்ட பிராந்திய நிறுவனங்களின் கையில் இருந்தது. பெரிய நிறுவனம் டிக்கெட்டை விற்கும், கட்டணத்தை வைக்கும், பல ஒப்பந்தங்களில் எரிபொருள் செலவையும் ஏற்கும். சின்ன நிறுவனம் இத்தனை புறப்பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு விமானத்தை ஓட்டிக் கொடுக்கும். ஒப்பந்தம் முடிந்தால் குறைந்த விலை கேட்கிறவருக்கு அது போய்விடும். எரிபொருளும் டிக்கெட் விலையும் தன் கையில் இல்லாத ஒரு நிறுவனம் எதைக் குறைத்து விலையைக் குறைக்கும்? ஆள் கூலியைத்தான்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பெரிய நிறுவனத்து விமானிகள் தங்கள் வேலை சின்ன நிறுவனத்துக்குக் கைமாறாமல் இருக்க, வெளியே கொடுக்கும் விமானங்களின் அளவுக்கு ஒப்பந்தத்திலேயே வரம்பு போட்டிருப்பார்கள். ஸ்கோப் விதி என்று பெயர். காண்டினென்டல் விமானிகளின் ஒப்பந்தப்படி 50 இருக்கைக்கு மேற்பட்ட ஜெட்டை வெளியே தர முடியாது. ஆனால் புரொப்பல்லர் விமானத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்தச் சந்து வழியாக நுழைந்ததுதான் 74 இருக்கை கொண்ட பம்பார்டியர் கியூ400. கோல்கன் அதை ஓட்டத் தொடங்கியது 2008 பிப்ரவரியில். விபத்து நடந்தபோது சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேப்டனுக்கு மொத்தம் 3,379 மணி நேரப் பறப்பு அனுபவம். அதில் கியூ400இல் வெறும் 111 மணி நேரம்.

பொதுவாகத் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் ஓட்டையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், நிர்வாகத்தின் பேராசையைப் பற்றி மட்டும் பேசுவார்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்த விமானத்தை அந்தச் சம்பளத்தில் பறக்க வைத்தன.

பதினாறாயிரம் டாலர்

2009 மே மாதம் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மூன்று நாள் பொது விசாரணை நடத்தியது. துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்ற விவரம் அங்கேதான் வெளியே வந்தது. கியூ400 துணை விமானிக்குப் பொதுவாக 24,000 டாலர் அளவு கிடைக்கும் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. சரி, 24,000 என்றே வைத்துக்கொள்வோம். நியூயார்க் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பணத்தில் தனியாக ஒரு வீடு எடுத்துக் குடியிருக்க முடியாது. அவர் இருந்தது சியாட்டில் பக்கம், பெற்றோர் வீட்டில். கொஞ்ச காலம் ஒரு காபிக் கடையிலும் வேலை பார்த்திருக்கிறார்.

இவ்வளவு குறைந்த தொகை எப்படி வருகிறது? இதற்குக் கணக்கு முறை தெரிய வேண்டும். அமெரிக்க விமானிக்கு மாதச் சம்பளம் கிடையாது, மணிக்கூலிதான். அந்த மணியும் சீருடை போட்டு விமான நிலையத்துக்குள் நுழைந்ததிலிருந்து ஓடாது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரை உள்ளது மட்டுமே கணக்கு. இதைப் பிளாக் நேரம் என்பார்கள். வானிலைத் தாளைப் படிப்பது, விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பது, இரண்டு விமானங்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் காத்திருப்பது எல்லாம் இதற்கு வெளியே. வெளியூரில் இருக்கும் நேரத்துக்குச் சாப்பாட்டுப் படி என்று சில்லறை கிடைக்கும். மாதத்துக்கு இத்தனை மணி நேரக் கூலி உறுதி என்று ஒரு குறைந்தபட்சம் உண்டு. பெரும்பாலும் 75 மணி.

அந்தக் காலத்தில் பிராந்திய நிறுவனங்களில் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 20 முதல் 25 டாலர். 22 என்று வைத்தால் மாதம் 1,650, வருஷத்துக்கு 19,800. மணிக்கு 22 டாலர் என்று கேட்டால் மோசமில்லை என்றுதான் தோன்றும். வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்க்கிறவருடைய 22 டாலர் வேறு, இந்த 22 டாலர் வேறு. மாதம் 75 மணி நேரக் கூலிக்காக இவர் வீட்டை விட்டு வெளியே இருக்கும் நேரம் அதைப் போல மூன்று நான்கு மடங்கு.

பெரிய நிறுவனங்களிலும் கூலி மணிக்குத்தான். ஆனால் அங்கே ஒப்பந்தத்தில் வேறு சில பாதுகாப்புகள் இருக்கும். எட்டு மணி நேரம் டியூட்டியில் உட்கார வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் மட்டும் பறக்கவிட்டால், டியூட்டி நேரத்தில் ஒரு பங்கையாவது பறந்ததாக எண்ணிக் கூலி தர வேண்டும் என்பது மாதிரி. அட்டவணையில் இரண்டு நிறுவனங்களின் மணிக்கூலியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த அடிக்குறிப்பு எங்கும் இருக்காது.

நான்கு வாரம் முன்னால், ஹட்சன் ஆற்றில்

கோல்கன் விபத்துக்குச் சரியாக 28 நாள் முன்னால், 2009 ஜனவரி 15 அன்று, அதே நியூயார்க்கில் யுஎஸ் ஏர்வேஸ் 1549 பறவைக் கூட்டத்தில் மோதி இரண்டு இன்ஜினும் போய் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். கேப்டன் சல்லன்பெர்கர் ஒரே நாளில் நாயகன் ஆனார்.

பிப்ரவரி 24 அன்று நாடாளுமன்றக் குழு அவரை அழைத்தது. பாராட்டு வாங்கப் போனவர் சம்பளத்தைப் பற்றிப் பேசினார். தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, ஓய்வூதியத் திட்டம் ரத்தாகி அதற்குப் பதில் கிடைத்தது மிகச் சொற்பம் என்றார். துணை விமானி ஸ்கைல்ஸ், பறக்காத நாள்களில் வீடு கட்டிக் கொடுக்கும் கான்டிராக்டராக இருப்பதாகச் சொன்னார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு யுஎஸ் ஏர்வேஸ், யுனைடெட், டெல்டா, நார்த்வெஸ்ட் என்று வரிசையாகத் திவால் மனு போட்டதில் விமானிகளின் ஒப்பந்தங்கள் எல்லாம் கிழிந்து போயிருந்தன.

அப்போது சல்லன்பெர்கருக்கு வயது 58. இத்தனை அனுபவம் உள்ளவர், சம்பளத்தை வெட்டினால் வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். முடியாது. அமெரிக்காவில் விமானியின் வாழ்க்கை முழுக்க சீனியாரிட்டி எண்ணில் கட்டப்பட்டிருக்கிறது. எந்த விமானம் ஓட்டுவது, எந்த ஊர் பேஸ் (டியூட்டி தொடங்கும் ஊர்), எந்த மாதம் லீவு, தீபாவளிக்கு வீட்டில் இருக்கலாமா என்று நாம் கவலைப்படுவது போல கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாமா, எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். நிறுவனம் மாறினால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். 20,000 மணி நேரம் பறந்த கேப்டனும் புது இடத்தில் முதலாண்டுத் துணை விமானிச் சம்பளத்தில் கடைசி வரிசையில் நிற்க வேண்டும். ஒரு டாக்டரோ கணக்காளரோ இப்படி ஒரு ஏற்பாட்டை ஒத்துக்கொள்வார்களா?

அதனால் மேலே இருப்பவர் வெட்டைப் பொறுத்துக்கொண்டு இருந்தார். அதற்கும் மேல் 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 60இலிருந்து 65க்கு உயர்த்தினார்கள். ஓய்வூதியம் இழந்தவர்கள் ஐந்து வருஷம் கூடுதலாக ஓட்டலாம் என்பது நல்லதுதான். ஆனால் மேலே யாரும் கிளம்பாததால் கீழே இருந்தவர்களுக்கு ஏணியே நின்றுபோனது. பிராந்திய நிறுவனத்தில் குறைந்த சம்பளத்தைச் சகித்துக்கொள்ள ஒரே காரணம், சில வருஷத்தில் பெரிய நிறுவனத்துக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காட்டித்தான் அந்தச் சம்பளம் சாத்தியமானது.

சோபாவும் ஹோட்டலும்

திரும்ப நுவார்க்குக்கு வருவோம். அங்கே பேஸ் கொண்ட கோல்கன் விமானிகள் 137 பேர். அதில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள் என்று விசாரணையில் தெரிந்தது. கேப்டனும் அப்படித்தான். வீடு ஃப்ளோரிடாவில், டாம்பா பக்கம். இரண்டு நாள் டியூட்டியை முடித்துவிட்டு விபத்துக்கு முந்தின இரவைப் பணியாளர் அறையிலேயே கழித்திருக்கிறார். விடிகாலை 3.10க்கு அவர் நிறுவனத்தின் கணினியில் நுழைந்த பதிவு இருக்கிறது. அந்த நேரத்தில் முழித்திருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

பணியாளர் அறையில் இரவு தூங்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. விதி இருந்தது, அந்தச் சம்பளத்தில் விமான நிலையம் பக்கத்தில் ஹோட்டல் எடுக்கவும் முடியாது. கிராஷ் பேட் என்று ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து விமானிகளும் பணிப்பெண்களும் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டில் போட்டு, யாருக்கு டியூட்டியோ அவர்கள் வந்து படுத்துப் போவார்கள். நம் திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரிதான், பால்கனியில் காயும் லுங்கிக்குப் பதில் வெள்ளைச் சட்டை. இந்த இருவருக்கும் நுவார்க்கில் அதுகூட இல்லை.

விமானி அறை ஒலிப்பதிவில் துணை விமானி தும்முவதும் மூக்கை உறிஞ்சுவதும் கேட்கிறது. வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் கிளம்பியிருக்கவே மாட்டேன் என்கிறார். இப்போது உடம்பு சரியில்லை என்று சொன்னால், குணமாகும்வரை சொந்தக் காசில் ஹோட்டலில் தங்க வேண்டும் என்றும் சொல்கிறார். நோய் விடுப்பு இல்லாமல் இல்லை. எடுத்தால் செலவு அவருடையது, அவ்வளவுதான். நிறுவனங்களை ஒப்பிடும் பட்டியல்களில் நோய் விடுப்பு வருஷத்துக்கு இத்தனை நாள் என்று ஒரு கட்டம் இருக்கும். பேஸுக்கும் வீட்டுக்கும் 3,900 கிலோமீட்டர் இருந்தால் அந்தக் கட்டத்துக்கு என்ன மதிப்பு என்பதை இந்த ஒரு வாக்கியத்தைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தரையிறங்க இறக்கைப் பட்டிகளையும் சக்கரங்களையும் இறக்கியபோது வேகம் குறைந்துகொண்டே வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. வேகம் 131 நாட் (மணிக்குச் சுமார் 243 கிலோமீட்டர்) ஆனபோது கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தது. மூக்கைக் கீழே விட்டு வேகம் எடுக்க வேண்டிய நேரத்தில் கேப்டன் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். விமானம் தூக்குவிசையை இழந்து விழுந்தது.

வாரியம் சொன்னதும் சொல்லாததும்

2010 பிப்ரவரியில் வந்த அறிக்கை, எச்சரிக்கைக்குக் கேப்டன் காட்டிய தவறான எதிர்வினையையே விபத்தின் காரணமாகச் சொன்னது. வேகத்தைக் கண்காணிக்காதது, தாழ்வாகப் பறக்கும்போது தேவையற்ற பேச்சு, பனி உறையும் வானிலையில் வேகத்தைத் தேர்வு செய்ய நிறுவனம் வைத்திருந்த நடைமுறையின் குறை ஆகியவை துணைக் காரணங்கள். களைப்பு? இருவரின் செயல்திறனையும் களைப்பு பாதித்திருக்கலாம், எந்த அளவுக்கு என்று தீர்மானிக்க முடியவில்லை என்றார்கள். வாரியத் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் களைப்பையும் துணைக் காரணமாகச் சேர்க்க வேண்டும் என்று தனியாக எழுதி வைத்தார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே, குறைந்த சம்பளம்தான் 50 பேரைக் கொன்றது என்று எழுதுவது சுலபம், சரியல்ல. ஹட்சனில் இறக்கியவரின் சம்பளமும் வெட்டப்பட்டதுதான். நல்ல சம்பளம் வாங்கும் விமானியும் தப்பான பக்கம் தண்டை இழுக்கலாம். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: அன்றிரவு அந்த இருவரும் விமானி அறையில் அந்த நிலையில் உட்கார்ந்திருந்ததற்குச் சம்பளமும் பேஸும் நோய் விடுப்பும் நேரடிக் காரணம். அதற்கு மேல் யாரும் நிரூபிக்கவில்லை.

எதிர்பாராத சம்பள உயர்வு

இறந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. சிவப்புச் சட்டையில் வாஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். 2010 ஆகஸ்ட் 1 அன்று விமானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டிக்கெட் விற்கும்போதே எந்த நிறுவனம் ஓட்டுகிறது என்று காட்ட வேண்டும் என்றது. இன்று அமெரிக்க டிக்கெட் தளங்களில் பெரிய நிறுவனத்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் தெரிகிறதே, அது இங்கிருந்து வந்ததுதான்.

பெரிய மாற்றம் 2013இல் நடைமுறைக்கு வந்த 1,500 மணி நேர விதி. அதுவரை 250 மணி நேர அனுபவத்தில் வணிக விமானி உரிமம் வாங்கியவர் துணை விமானியாக உட்காரலாம். இனி 1,500 வேண்டும். ராணுவத்திலிருந்து வருகிறவருக்கு 750, விமானப் படிப்பில் பட்டம் பெற்றவருக்கு 1,000 என்று சலுகைகள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், விபத்தில் இறந்த துணை விமானிக்கு 2,244 மணி நேர அனுபவம் இருந்தது. இந்த விதி அன்று இருந்திருந்தாலும் இருவரும் அதே இருக்கையில் உட்கார்ந்திருக்க முடியும். கேப்டன் 2005இல் கோல்கனில் சேர்ந்தபோது அவருக்கு 618 மணி நேரம்தான். அந்தச் சேர்க்கை தள்ளிப் போயிருக்கும். இந்தியாவில் 200 மணி நேரத்தில் உரிமம் வாங்கி நேராக ஏர்பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஐரோப்பாவிலும் ஏறக்குறைய அப்படித்தான். மணிக்கணக்கு கூடினால் பாதுகாப்பு கூடுமா என்ற சண்டை இன்னும் முடியவில்லை.

ஆனால் சம்பளத்துக்கு அந்த விதி செய்ததை எந்தத் தொழிற்சங்கமும் பேசிச் சாதித்திருக்க முடியாது. பிராந்திய நிறுவனத்துக்கு வரக்கூடிய ஆட்கள் வற்றிப்போனார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்து பயிற்சி எடுத்து, அப்புறம் இரண்டு வருஷம் பயிற்றுநராகப் பறந்து மணிக்கணக்கைச் சேர்த்து, கடைசியில் 22 டாலருக்கு வரச் சொன்னால் யார் வருவார்கள்? 2016இல் ரிபப்ளிக் ஏர்வேஸ் திவால் மனு போட்டபோது விமானிப் பற்றாக்குறையையும் ஒரு காரணமாகச் சொன்னது. கோல்கன் 2012இலேயே மூடப்பட்டது. அதன் தாய் நிறுவனமான பினக்கிள் திவாலாகி, டெல்டாவின் கைக்குப் போய், எண்டவர் ஏர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே எண்டவர் சில வருஷத்தில், விமானிகள் விட்டுப் போகாமல் இருக்க வருஷத்துக்கு 20,000 டாலர் போனஸ் அறிவித்தது. அந்தத் துணை விமானியின் முழு வருஷச் சம்பளத்தைவிட அதிகம், வெறும் போனஸ்.

பிறகு கோவிட். பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பின. டெல்டாவில் மட்டும் சுமார் 1,800 பேர் போனார்கள். பயணிகள் திரும்பி வந்தபோது ஓட்ட ஆள் இல்லை. 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான பிராந்திய நிறுவனங்களான என்வாயும் பீட்மான்ட்டும் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர், முதலாண்டு கேப்டனுக்கு 146 டாலர் என்று அறிவித்தன. மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். 90 டாலர் என்றால் அதே 75 மணிக் கணக்கில் வருஷத்துக்கு 81,000. பதின்மூன்று வருஷத்தில் நான்கு மடங்கு.

அப்புறம் மேல்தட்டுக்கும் உயர்வு வந்தது. 2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்கு வருஷத்தில் 34 சதவீத உயர்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கனும் யுனைடெட்டும் அந்த வருஷம் முடிவதற்குள் அதே வழிக்கு வந்தன. இன்று பெரிய விமானம் ஓட்டும் பன்னிரண்டாம் ஆண்டு கேப்டனின் மணிக்கூலி 400 டாலருக்கு மேல். இதற்கான விலையையும் ஒருவர் கொடுத்தார், அது சிற்றூர்ப் பயணி. இதாகா, டொலிடோ, டூபுக் போன்ற ஊர்களிலிருந்து அமெரிக்கன் 2022இல் சேவையை விலக்கிக்கொண்டது. குறைந்த கூலியால்தான் அந்த ஊர்களுக்கு விமானம் வந்துகொண்டிருந்தது என்பது கூலி ஏறிய பிறகுதான் தெரிந்தது.

மற்ற ஊர்களில்

ஐரோப்பாவில் ரையன்ஏரைப் பாருங்கள். நெடுங்காலம் அங்கே ஏராளமான விமானிகள் நேரடி ஊழியர்கள் அல்ல. ஏஜென்சி மூலம் வரும் ஒப்பந்தக்காரர்கள். பறந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. சங்கத்தை நிறுவனம் 2017 டிசம்பரில்தான் முதல்முறை அங்கீகரிக்க முன்வந்தது, அதுவும் அந்த இலையுதிர் காலத்தில் லீவுக் கணக்கு குளறுபடியாகி ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்து அவமானப்பட்ட பிறகு. ஆனால் ஒன்று. அங்கே ரோஸ்டர் பெரும்பாலும் ஐந்து நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. ராத்திரி பேஸுக்கே திரும்பிவிடுவார்கள், சொந்தக் கட்டிலில் தூங்கலாம். நுவார்க் சோபாவில் படுத்தவர்களிடம் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

இந்தியாவில் சண்டை மணிக்கூலியைவிட உறுதி செய்த மணிக்கணக்கைச் சுற்றித்தான். 2024 ஏப்ரலில் விஸ்தாராவில் நடந்தது அதுதான். ஏர் இந்தியாவோடு இணைப்பதற்காக விமானிகளுக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தார்கள். பறந்தாலும் பறக்காவிட்டாலும் 70 மணி நேரத்துக்குக் கூலி என்று இருந்தது 40 மணி நேரமாகச் சுருங்கியது. அதற்கு மேல் பறந்தால் தனிப் பணம் உண்டு என்று நிர்வாகம் சொன்னது. விமானிகள், குறிப்பாகத் துணை விமானிகள், கூட்டமாக உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட, விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாகின. கடைசியில் நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களைக் குறைத்துத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள். மணிக்கூலியைத் தொடாமலே சம்பளத்தை வெட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் உடனே விலகவும் முடியாது. இந்தியாவில் கேப்டன் ஒரு வருஷமும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2017இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி போட்டது. அமெரிக்காவில் சீனியாரிட்டி செய்யும் வேலையை இங்கே இந்த விதி செய்கிறது.

தூக்கம் மட்டும்

கோல்கன் விபத்துக்குப் பிறகு ஓய்வு விதிகளும் மாறின. 2011 டிசம்பரில் அறிவித்து 2014 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு தர வேண்டும். அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். எந்த நேரத்தில் டியூட்டி தொடங்குகிறது, எத்தனை முறை ஏறி இறங்குகிறார் என்பதைப் பொறுத்து டியூட்டி நேரம் கூடும், குறையும். நல்ல விதிதான்.

ஆனால் வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் பயணத்தை அது தொடவில்லை. அது விமானியின் சொந்தப் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். இன்றும் ஒருவர் சியாட்டிலில் இருந்துகொண்டு நுவார்க்கில் வேலை பார்க்கலாம். ராத்திரி முழுக்கப் பறந்து வந்து சேரலாம். சம்பளம் ஏறியதால் இப்போது ஹோட்டல் எடுக்க முடிகிறது, அதுதான் வித்தியாசம்.

விதியிலிருந்து சரக்கு விமானங்களையும் விலக்கிவிட்டார்கள். செலவு அதிகமாகும், அதற்கேற்ற பலன் இல்லை என்று கணக்குச் சொன்னார்கள். அந்தப் பெண் விடிய விடிய உட்கார்ந்து வந்தது எந்த வகை விமானத்திலோ அந்த வகைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

2013 ஆகஸ்ட் 14 அன்று விடிகாலை அமெரிக்காவின் லூயிவில்லிலிருந்து அலபாமாவின் பர்மிங்ஹாமுக்குப் போன யுபிஎஸ் 1354 சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே மலைச்சரிவில் மோதியது. கேப்டனும் துணை விமானியும் இறந்தார்கள். ஒலிப்பதிவில் அவர்கள் பேசிக்கொண்டிருந்ததும் இருந்தது. பயணிகள் விமானத்துக்கு ஒரு ஓய்வு விதி, சரக்குக்கு வேறு விதி என்பதில் அர்த்தமே இல்லை, எல்லாருக்கும் ஒரே அளவு பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டுதான் அந்த இருவரும் போனார்கள்.